நம் எம்.ஐ.டி.: நான்கு துறைகளும் ஒரு கதவும்

எம்.ஐ.டி.யில் படித்தேன் என்று வெளியூரில் சொல்லிப் பாருங்கள். "அமெரிக்காவா?" என்று கண்ணை அகல விரிப்பார்கள். "இல்லீங்க, குரோம்பேட்டை" என்றால் கண் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். சிலர் ஐ.ஐ.டி.யோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். கடைசியில் "அப்துல் கலாம் படிச்ச காலேஜ்" என்று சொன்னால்தான் எல்லாருக்கும் விளங்கும். நம்மில் யாருக்குத்தான் இந்த அனுபவம் இல்லை?

ஆனால் கலாம் ஏன் இங்கே வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கிண்டியில் 1794இல் எட்டு மாணவர்களோடு சர்வே பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த பெரிய பொறியியல் கல்லூரி இருந்தது. கோயம்புத்தூரில் இருந்தது, அண்ணாமலை நகரில் இருந்தது, காரைக்குடியில் புதிதாக வந்திருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர், தொடங்கி ஐந்தாறு வருஷமே ஆன, நாலே நாலு துறை வைத்திருந்த ஒரு சின்னக் கல்லூரியைத் தேடி வரக் காரணம் என்ன?

விமானத்தின் மேல் ஆசை என்பது பாதி பதில். மீதிப் பாதி நம் கல்லூரியின் அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மலரில் கொஞ்சம் எழுதலாம் என்று ஆசை. சீனியர்களுக்குத் தெரிந்த கதையாக இருக்கலாம். ஹாஸ்டலில் இப்போது இருக்கிற தம்பி தங்கைகளில் பலருக்குத் தெரியாது.

வீட்டை விற்றுக் கட்டிய கல்லூரி

நம் நிறுவனர் சி. ராஜம். பழந்தமிழ் நூல்களை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்த மர்ரே எஸ். ராஜம் வேறு, இவர் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு பேரையும் ஒருவராக நினைத்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் ராஜம் தொழில் செய்து சம்பாதித்தவர். நாடு விடுதலை அடைவதற்கு முன்பே, தொழில்நுட்பம் கற்றுத்தர ஒரு கல்லூரி வேண்டும் என்று நினைத்தவர். நினைத்ததோடு நிற்கவில்லை. 'இந்தியா ஹவுஸ்' என்ற தன் பெரிய வீட்டை விற்று ஐந்து லட்சம் ரூபாயைக் கல்லூரிக்காகக் கொடுத்தார். அந்தக் காலத்து ஐந்து லட்சம்! புகழ்பெற்ற வரிச் சட்ட வழக்கறிஞர் எம். சுப்பராய ஐயர் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். 1949இல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி பிறந்தது.

குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தொழிற்சாலை தந்த பெயர். குரோம் முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி இருந்த இடம் அது. 1931இல் மின்மயமான பீச் - தாம்பரம் ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியது. வடக்கே கொஞ்ச தூரத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். தோல், ரயில், விமானம் மூன்றுக்கும் நடுவே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. ராஜம் இடம் பார்த்தது வீண் போகவில்லை.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். கிண்டிக் கல்லூரி அரசாங்கத்தின் தேவைக்காகப் பிறந்தது. நிலம் அளக்க ஆள் வேண்டும், பாலம் கட்ட ஆள் வேண்டும், அதற்குக் கல்லூரி. நம் கல்லூரி ஒரு தனிமனிதரின் ஊகத்தில் பிறந்தது. நாளைக்கு என்ன தொழில் வரும் என்று அவரும் நண்பர்களும் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குதான் நான்கு துறைகள்.

ஏன் இந்த நான்கு?

ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி. சிவில் இல்லை. பொதுவான மெக்கானிக்கல் இல்லை. எலக்ட்ரிக்கல்கூட இல்லை. அன்றைக்குப் பொறியியல் கல்லூரி என்றாலே இந்த மூன்றும்தான். அந்த மூன்றையும் மற்ற கல்லூரிகளுக்கு விட்டுவிட்டு, மற்ற கல்லூரிகளில் பட்டப்படிப்பு அளவில் காணக் கிடைக்காத நான்கை எடுத்துக்கொண்டார்கள். துணிச்சல்தான்.

1949ஆம் வருஷத்து இந்தியாவை நினைத்துப் பாருங்கள். விமானத் தொழில் என்று பார்த்தால் 1940இல் பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது. நாமே வடிவமைத்த எச்.டி.2 பயிற்சி விமானம் பறந்தது 1951 ஆகஸ்டில். அதாவது நம் ஏரோ துறை தொடங்கும்போது அந்த விமானம் இன்னும் பறக்கவில்லை.

கார் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. எண்ணூரில் 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்திருந்தது. அதுதான் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. மெட்ராஸ் பின்னாளில் மோட்டார் தொழிலுக்குப் பேர்போன ஊராக ஆகும் என்பதற்கு அப்போதே அறிகுறி தெரிந்தது.

எலக்ட்ரானிக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் வேலை செய்ததே 1947 டிசம்பரில்தான். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் குரோம்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸுக்கு ஒரு துறை! நம் ஊரில் அப்போது எலக்ட்ரானிக்ஸ் என்றால் வால்வு ரேடியோ. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வந்ததே 1954இல்.

நான்காவது, என் துறை. நான் இன்ஸ்ட்ருமென்டேஷனில் சேர்ந்தபோது என் பெரியப்பா, "இன்ஸ்ட்ருமென்ட்னா வீணை, வயலின் எல்லாம் செய்யக் கத்துக் குடுப்பாங்களா?" என்று நிஜமாகவே கேட்டார். 2006ஆம் வருஷத்திலேயே இந்தக் கேள்வி என்றால், 1949இல் முதல் செட் மாணவர்கள் வீட்டில் என்னவெல்லாம் கேட்டிருப்பார்களோ! ஒரு கொதிகலனுக்குள் அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, குழாயில் எவ்வளவு திரவம் ஓடுகிறது, தொட்டியில் எவ்வளவு மட்டம் என்று அளப்பதும், அளந்ததை வைத்து வால்வைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்துவதும்தான் எங்கள் தொழில். நெய்வேலி நிறுவனம் வந்தது 1956இல். மணலி சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது 1969இல். அந்த மாதிரி ஆலைகளின் கன்ட்ரோல் ரூமில் உட்கார ஆள் வேண்டியிருக்கும் என்று, ஆலைகள் வருவதற்கு முன்பே ஆள் தயார் செய்யத் தொடங்கிய துறை இது.

கதவைத் திறந்து வைத்தார்கள்

நாலு துறையைத் தேர்ந்தெடுத்தது பாதி வேலை. அதில் யாரைச் சேர்ப்பது என்பது மறுபாதி. என்னைக் கேட்டால் நம் கல்லூரியின் உண்மையான பெருமை இந்த இரண்டாவது முடிவில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இரண்டு வருஷம் இன்டர்மீடியட் படித்து, அந்தக் கையோடு பொறியியலுக்குப் போக வேண்டும். பதினேழு பதினெட்டு வயது. அப்போது போகாமல் பி.ஏ., பி.எஸ்ஸி. என்று போய்விட்டால் பொதுவாக அந்தப் பாதை மூடிவிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் மாதிரி ஓரிரு இடங்கள்தான் விதிவிலக்கு. நகரத்துப் பையனுக்கு இது பெரிய விஷயமில்லை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு இன்ஜினியர் இருப்பார், "இதைப் படிடா" என்று சொல்லுவார். கிராமத்துப் பையனுக்கு, அப்படி ஒரு படிப்பு இருப்பதே பி.எஸ்ஸி. இரண்டாவது வருஷத்தில்தான் காதில் விழும். விழும்போது கதவு மூடியிருக்கும்.

எம்.ஐ.டி. அந்தக் கதவைத் திறந்து வைத்தது. பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்து, மூன்று வருஷத்தில் இன்ஜினியராக்கி, 'டி.எம்.ஐ.டி.' என்று தன் பெயரிலேயே பட்டயம் கொடுத்தது.

இது வெறும் கருணை இல்லை. அந்த நான்கு துறைகளையும் இன்னொரு தரம் பாருங்கள். காற்றின் இயக்கம், எலக்ட்ரான்களின் ஓட்டம், வெப்பமும் அழுத்தமும் அளப்பது எல்லாமே பிசிக்ஸுக்குப் பக்கத்து வீடு. 1949இல் எலக்ட்ரானிக்ஸ் இன்னும் பிசிக்ஸ் லேபை விட்டு முழுசாக வெளியே வரவேயில்லை. பட்டப்படிப்பில் பிசிக்ஸோ கணக்கோ படித்த ஒருவனுக்கு இந்தத் துறைகளைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். அதனால்தான் இந்தத் துறைகளுக்கு அந்த மாணவர்களும், அந்த மாணவர்களுக்கு இந்தத் துறைகளும் பொருந்திப்போனார்கள். ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி.

கலாம் அந்தக் கதவு வழியாக வந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954இல் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த பிறகுதான், தனக்கு ஏற்றது பிசிக்ஸ் இல்லை, பொறியியல் என்று புரிந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். வேறு கல்லூரி மட்டுமே இருந்திருந்தால் அந்த ஞானோதயத்தால் என்ன பிரயோஜனம்? சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அப்பாவால் முடியவில்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். கல்லூரியை ஒருவர் வீட்டை விற்றுத் தொடங்கினார். அதில் தம்பி சேர ஒரு அக்கா நகையை அடகு வைத்தார். நம் கல்லூரி வரலாற்றில் இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றும் அந்த நூலிலிருந்து தெரிகிறது. சேர்ந்த உடனே துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முதல் வருஷம் முடிந்த பிறகுதான் அவர் ஏரோநாட்டிக்கலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வளாகத்தில் பார்வைக்காக நிறுத்தி வைத்திருந்த, பணியிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு விமானங்களின் பக்கத்தில், மற்றவர்கள் எல்லாம் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் உட்கார்ந்திருப்பாராம். ஒரு வருஷம் பார்த்து, தொட்டு, யோசித்து, அப்புறம் முடிவு.

ஆஸ்திரியர், ஜெர்மானியர், நம்மவர்

சின்னக் கல்லூரிதான், ஆனால் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால் உலகப் போரின் சரித்திரமே தெரியும். டெக்னிகல் ஏரோடைனமிக்ஸ் நடத்திய பேராசிரியர் ஸ்பாண்டர் ஆஸ்திரியாக்காரர். நாஜிகளிடம் சிறைப்பட்டு வதை முகாமில் இருந்தவர். அதனால் ஜெர்மானியர்களைக் கண்டாலே ஆகாது. அவர் வேலை பார்த்த துறைக்குத் தலைவர் யார் என்றால் வால்டர் ரெபெந்தின் என்ற ஜெர்மானியர்! போதாதற்கு, ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற புகழ்பெற்ற ஜெர்மன் போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க்கும் கொஞ்ச காலம் இங்கே இருந்தார். பிறகு பெங்களூர் போய் 'மருத்' என்ற எச்.எஃப்.24 போர் விமானத்தை வடிவமைத்தார். அது 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. பழைய பகையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இவர்கள் குரோம்பேட்டை வெயிலில் ஒரே துறையில் பாடம் நடத்தினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. விமானக் கட்டமைப்பைக் கற்றுக்கொடுத்த கே.ஏ.வி. பண்டலை, கோட்பாட்டு ஏரோடைனமிக்ஸ் நடத்திய கணித மேதை நரசிங்க ராவ் இருவரையும் கலாம் நன்றியோடு நினைவுகூர்கிறார். துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர் ஸ்பாண்டரிடம் யோசனை கேட்டாராம். எதிர்காலத்தில் வேலை கிடைக்குமா என்று கவலைப்படாதே, அடிப்படையைப் பலமாகப் போடு, எடுத்த துறையில் ஆர்வத்தை வை என்ற பொருளில் ஸ்பாண்டர் பதில் சொல்லியிருக்கிறார். இந்தியாவில் கல்வி வாய்ப்பு இல்லாதது பெரிய குறை இல்லை, எந்தத் துறை தனக்கு, ஏன் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்காததுதான் குறை என்பது அவர் கருத்து. எழுபது வருஷம் ஆகிவிட்டது. கவுன்சலிங் சீசனில் நம் வீடுகளில் நடக்கிற பேச்சைக் கேட்டால் அவர் நேற்றுதான் சொன்ன மாதிரி இருக்கும்.

மூன்று நாள் கெடு

ஸ்ரீநிவாசன் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன், வேறு ஒரு காரணத்துக்காக. கலாமும் நான்கு நண்பர்களும் சேர்ந்து தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். ஏரோடைனமிக் வடிவமும் வரைபடமும் கலாம் பொறுப்பு. என்ஜின், கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் மற்ற நால்வர் பொறுப்பு. அப்போது கல்லூரியின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ஸ்ரீநிவாசன் வந்து பார்த்தார். வேலை சுமார் என்றார். கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். இன்று வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை காலைக்குள் படம் வராவிட்டால் ஸ்காலர்ஷிப் நிறுத்தப்படும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படப் பலகையே கதி என்று உட்கார்ந்து கலாம் முடித்துக் காட்டினார்.

கெடுவின் கண்டிப்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு வேறு இரண்டு விஷயங்கள் படும். ஒன்று, அந்த ஸ்காலர்ஷிப். அக்காவின் வளையலை மீட்க வேண்டியவருக்கு அது கெட்டியான பிடிமானம். அதை எடுத்துவிடுவேன் என்று சொன்னது லேசான மிரட்டல் இல்லை. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் இயக்குநரே நேரில் வந்து, பையன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பார்த்திருக்கிறார். ஒரு மாணவனின் படப் பலகை எந்த நிலையில் இருக்கிறது என்று கல்லூரித் தலைவருக்குத் தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இது நடக்காது. சின்னக் கல்லூரியின் கண்டிப்பும் சின்னக் கல்லூரியின் அக்கறையும் ஒரே ஆளிடமிருந்து வரும். நம்மில் பலரும் இதை அனுபவித்திருக்கிறோம்.

தமிழ்ச் சங்கமும் தேவனும்

இன்ஜினியரிங் காலேஜில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

நம் தமிழ்ச் சங்கம் கலாம் படித்த காலத்திலேயே இருந்தது. கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் கலாம் தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். முதல் பரிசு. பரிசைக் கையில் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். ஆமாம், துப்பறியும் சாம்புவைப் படைத்த அதே தேவன்தான். 1957 மே மாதம் அவர் காலமாகிவிட்டார்.

எந்த மொழியில் யோசித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வகுப்பில் ஆங்கிலம், ஆஸ்திரிய உச்சரிப்பில் ஏரோடைனமிக்ஸ். ஆனால் இந்த நாடு தன் விமானத்தைத் தானே கட்ட வேண்டும் என்ற ஆசையைச் சொல்ல வேண்டி வந்தபோது, ராமேஸ்வரத்துக்காரர் தமிழில் எழுதினார். அதைப் படித்துப் பரிசு கொடுத்தவர் நகைச்சுவை எழுத்தாளர். பிறகு நடந்ததைச் சரித்திரம் சொல்லும். கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. நம் நாட்டு இலகுரகப் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலில் பறந்தது. அதே வருஷக் கடைசியில் கலாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார், அடுத்த ஜூலையில் குடியரசுத் தலைவரானார்.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் எஸ். ரங்கராஜன். பெயர் சொன்னால் புரியாது, சுஜாதா என்றால் புரியும். அவரும் செயின்ட் ஜோசப்பில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், கலாமின் வகுப்புத் தோழர். அவரும் அதே கதவு வழியாகத்தான் எம்.ஐ.டி.க்கு வந்தார். முதலில் சிவில் ஏவியேஷன் துறை, பிறகு பாரத் எலக்ட்ரானிக்ஸ். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த இயந்திரம் 1982 மே மாதம் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் வைக்கப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வந்துவிட்டது. இதோடு, 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று ஜூனியர் விகடனில் வாசகர்களின் கேள்விகளுக்குச் சலிக்காமல் அறிவியல் விளக்கம் சொன்னவரும் அவர்தான். எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு இன்ஜினியரிங் பக்கம் வந்தோம் என்று கை தூக்கச் சொன்னால் இந்த மண்டபத்தில் பாதிக் கைகள் உயரும்.

ஒருவர் ராமேஸ்வரம், ஒருவர் ஸ்ரீரங்கம். மூன்றாமவர் கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளை. தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து, நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, அதன் பிறகு இங்கே ஏரோநாட்டிக்கல் சேர்ந்து 1980இல் வெளியே வந்த கே. சிவன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவர். எஸ்.எல்.வி.3 வெற்றி பெற்ற அதே வருஷம்தான் அவர் எம்.ஐ.டி.யை முடித்தார் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

மூன்று பேருக்கும் பொதுவான ஒன்று: பதினேழு வயதில் பொறியியல் எதிலும் சேராதவர்கள். அந்த வயதோடு கணக்கை முடித்திருந்தால் மூவரும் நல்ல பிசிக்ஸ் வாத்தியாராக, கணக்கு வாத்தியாராக இருந்திருப்பார்கள். அதுவும் மதிப்பான வேலைதான். ஆனால் நாட்டுக்கு மூன்று இன்ஜினியர்கள் குறைந்திருப்பார்கள்.

1978க்குப் பிறகு

1978 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டிக் கல்லூரி, ஏ.சி. டெக் ஆகியவற்றோடு எம்.ஐ.டி.யும் அதில் சேர்ந்தது. தனியார் கல்லூரி அரசுப் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. புரொடக்‌ஷன், ரப்பர் மற்றும் பிளாஸ்டிக், கம்ப்யூட்டர், இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி என்று துறைகள் கூடின. 1990களின் பிற்பகுதியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்கு வருஷப் படிப்பும் வந்தது. நான் அந்த வழியில் வந்தவன். என் முன்னால் இருந்த ஸ்கிரீனில் கிளைகளும் இடங்களும் ஓட, சில நிமிஷத்தில் துறையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கலாமுக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள்!

துறைகள் கூடினாலும் பழைய கூட்டுக் குடும்ப வாசனை போகவில்லை. ஹாஸ்டலில் ஒரே வராந்தாவில் ஏரோ, ஆட்டோ, இன்ஸ்ட்ருமென்டேஷன் எல்லாம் கலந்து இருப்போம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனால் ஏரோ பையன் அண்ணாந்து பார்த்து மாடல் பெயரைச் சொல்வான். ஆட்டோ பையன் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்தே கிளட்ச் போயிடுச்சு என்பான். இன்ஸ்ட்ருமென்டேஷன்காரன் என்ன செய்வான்? மெஸ்ஸில் சாம்பாரின் 'லெவல்' குறைவதைக் கண்காணிப்பான். இது எங்கள் மேல் மற்ற துறைகள் சுமத்திய பழி, ஏற்றுக்கொள்ளவில்லை.

நாங்கள் மூன்றாவது வருஷம் படித்தபோது, 2009 ஏப்ரல் 20 காலையில், பி.எஸ்.எல்.வி. சி12 ராக்கெட்டில் அனுசாட் போனது. சுமார் 40 கிலோ எடை. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். அதைக் கண்காணிக்கும் தரைநிலையம் நம் வளாகத்தில் அமைந்தது. செயற்கைக்கோளுக்கு உடம்பு செய்ய ஏரோ வேண்டும், பேச எலக்ட்ரானிக்ஸ் வேண்டும், அளந்து சொல்ல இன்ஸ்ட்ருமென்டேஷன் வேண்டும். 1949இல் போட்ட நான்கு துறைக் கணக்கில் மூன்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிட்டன.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, வரலாறு பேசுவதோடு எழுந்து போய்விட்டால் இது வெறும் பெருமையடிப்பு ஆகிவிடும். நடைமுறையாக இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, அந்தக் கதவு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இன்றும் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கலை, அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. என் சொந்த ஊர்க் கல்லூரியில் போன வருஷம் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் வகுப்பில் பேசப் போயிருந்தேன். "நாங்க இனிமே இன்ஜினியர் ஆக முடியுமா சார்?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். முடியும்மா என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நம்மில் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு நாள் நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிக்குப் போய் இதைச் சொல்லலாம். பஸ் டிக்கெட்டைத் தவிர செலவு கிடையாது. தகவல் தெரிந்தும் பணமில்லாமல் நிற்கிற பிள்ளைக்கு நம் சங்கம் முதல் வருஷக் கட்டணத்தைக் கொடுக்கலாம். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, அடகுக் கடைக்குப் போக ஒரு அக்காவின் வளையல் மிஞ்சும்.

இரண்டாவது, பி.எஸ்ஸி. முடித்து டி.எம்.ஐ.டி. வாங்கிய சீனியர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். பழைய ஹாஸ்டல் போட்டோ, தமிழ்ச் சங்க அழைப்பிதழ், லேப் நோட்டு, டிராயிங் ஷீட் என்று அவர்கள் வீட்டுப் பரணில் என்ன இருந்தாலும் சங்கத்துக்குக் கொடுங்கள். காப்பி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம். மாணவர்களே, இன்றைக்கு மதியச் சாப்பாட்டின்போது வெள்ளைத் தலை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், நீங்க எந்த ஊர்லேர்ந்து இங்க வந்தீங்க, பி.எஸ்ஸி. எங்க படிச்சீங்க?" என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பாயசம் ஆறினாலும் பரவாயில்லை.